காட்பாடிப் பக்கம் ராஸ்பெர்ரி பை வாங்கப் போகிறீர்களா? என் 14,600 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுப் போங்கள்

நேற்று இரவு வரை, எல்லாத் தவறும் எங்கள் ஊர் மின்சாரத்தின் மீதுதான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி என்னை நம்ப வைத்தவர்களுக்கு மூன்று மாதங்களில் 14,600 ரூபாய் கொடுத்திருக்கிறேன். சூடு ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

குடியாத்தத்தை ஒட்டிய கிராமத்தில் பால் காளான் குடில் வைத்திருக்கிறேன். பால் காளான் 30 முதல் 35 டிகிரி வெப்பத்திலும் விளையும். ஆனால் குடிலுக்குள் ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் மொட்டுகள் காய்ந்துவிடும். நாளுக்கு நான்கைந்து முறை நானே ஓடிப்போய்த் தண்ணீர் தெளிப்பதற்குப் பதிலாக, ஈரப்பதத்தை அளந்து, தண்ணீரைப் புகைபோலத் தூவும் மோட்டாரைத் தானாக இயக்க, ராஸ்பெர்ரி பை என்னும் ஒற்றைப் போர்டுச் சிறிய கணினியை வைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். காட்பாடிப் பக்கத்தில், பொறியியல் மாணவர்களுக்குப் புராஜெக்ட் சாமான்கள் விற்கும் கடை ஒன்றைப் பற்றிச் சொன்னார்கள்; போனேன்.

நான் ஏமாந்த இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கடைக்காரர் 4 ஜிபி ராஸ்பெர்ரி பை 4 போர்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, மேசையில் எப்போதும் சொருகியே இருந்த ஒரு வெள்ளை அடாப்டரில் மாட்டி, திரையை இணைத்து, மோட்டாரைப் போட்டு அணைக்கும் சுவிட்சுகளான நான்கு ரிலேக்களும் டிக் டிக்கென்று அடிப்பதைக் காட்டினார். "பாருங்க சார், உங்க கண்ணு முன்னாடி ஓடுது" என்றார். வேறென்ன வேண்டும்? போர்டு, ரிலே, சென்சார், கேமரா, மெமரி கார்டு, அடாப்டர் எல்லாம் சேர்த்து 9,400 ரூபாய் கொடுத்தேன். ஆனால் என் பையில் அவர் போட்ட அடாப்டர் அந்த வெள்ளை அடாப்டர் அல்ல. மெல்லிய வால் (ஒயர்) கொண்ட, "5 வோல்ட் 3 ஆம்பியர்" என்று ஒட்டுச்சீட்டு ஒட்டிய ஒரு கறுப்பு அடாப்டர். எண் ஒன்றாக இருந்ததால் நான் கேட்கவில்லை. அந்த ஒட்டுச்சீட்டை நகத்தால் சுரண்டினால் வந்துவிடும் என்பதை நேற்றுதான் கண்டுகொண்டேன்.

பத்தாம் நாள் முதல் தொல்லை ஆரம்பித்தது. மோட்டார் ஓடத் தொடங்கும் நேரம் பார்த்து கணினி உறைந்து போகும். அல்லது தானாக அணைந்து மறுபடி எழும். இரண்டு முறை மெமரி கார்டில் இருந்த கோப்புகள் சிதைந்து, கணினி எழவே இல்லை. கடைக்குத் தொலைபேசியில் பேசினால், "போர்டையும் கார்டையும் மட்டும் கொண்டாங்க சார், மத்ததெல்லாம் எதுக்குத் தூக்கிக்கினு வரீங்க" என்பார்கள். அக்கறையாகச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். குடியாத்தத்திலிருந்து பேருந்து பிடித்து, வேர்த்து விறுவிறுத்துக் கொண்டுபோவேன். அதே வெள்ளை அடாப்டரில் மாட்டுவார்கள். கணினி பிசகில்லாமல் ஓடும். "போர்டு தங்கம் சார், உங்க ஊர்லதான் கரண்ட் சரியில்ல." கார்டில் மென்பொருளை மறுபடி ஏற்றித் தர ஒவ்வொரு முறையும் 600 ரூபாய், இரண்டு முறைக்கு 1,200.

மும்முனை மின்சாரம் வந்து கிணற்று மோட்டார்கள் ஒன்றாக ஓடும்போது எங்கள் ஊரில் விளக்கு மங்குவது உண்மைதான், அதனால் அந்தப் பேச்சை மறுக்கத் தோன்றவில்லை. ஸ்டெபிலைசர் வாங்கச் சொன்னார்கள், அதற்கு 2,200. பிறகு வெயில்தான் காரணம் என்றார்கள். கடைசியில், போர்டே பழுது, மாற்றித் தருகிறோம், வித்தியாசத் தொகை கட்டுங்கள் என்று 1,800 வாங்கினார்கள். தங்கம் என்று சொன்ன அதே வாய்தான் பழுது என்றும் சொன்னது. கூட்டிப் பாருங்கள்: 14,600 ரூபாய். காய்ந்துபோன காளான் படுக்கைகளை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு வந்திருந்த அக்கா மகன், நேற்று இரவு குடிலுக்குள் எட்டிப் பார்த்தான். சென்னையில் இதே துறையில் வேலை செய்கிறான். "மாமா, ஒரு தடவையாவது திரையில போட்டுப் பாத்தீங்களா?" என்று கேட்டான். குடிலில் திரை கிடையாது, கைப்பேசி வழியாகத்தான் பார்ப்பேன். வீட்டுத் தொலைக்காட்சியைத் தூக்கி வந்து இணைத்தோம்; மேல் மூலையில் மஞ்சள் மின்னல் குறி ஒன்று விட்டு விட்டு வந்தது. போர்டுக்கு வந்து சேரும் மின்னழுத்தம் ஏறக்குறைய 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் இந்தக் குறி வருமாம். பிறகு, மின்னழுத்தம் குறைந்ததா, வேகம் குறைக்கப்பட்டதா என்பதை எண்ணாகச் சொல்லும் "கெட் த்ராட்டில்டு" என்னும் கட்டளையைக் கொடுத்தான். விடையின் கடைசி ஐந்து இலக்கங்கள் 50005. வலக்கோடியில் உள்ள 5, இந்த நொடியில் மின்னழுத்தம் குறைந்து அதனால் வேகமும் குறைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் காட்டுகிறது. இடக்கோடியில் உள்ள 5, கணினி எழுந்த பிறகு முன்பும் அப்படி நடந்திருக்கிறது என்பதைக் காட்டுகிறது. வெப்பநிலையையும் கேட்டுப் பார்த்தான்: 62 டிகிரி. 80 டிகிரியைத் தொடும்போதுதான் சூட்டுக்காக வேகம் குறையத் தொடங்கும். வெயில் கதை அங்கேயே முடிந்தது.

மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் போர்டின் 5 வோல்ட் ஊசியான (பின்) 4ஆம் ஊசியிலும் கறுப்பு முனையை 6ஆம் ஊசியிலும் வைத்தான். சும்மா இருக்கும்போது 4.73 வோல்ட் காட்டியது. கேமராவும் நான்கு ரிலேக்களும் சேர்ந்து இயங்கியவுடன் 4.41க்கு இறங்கியது. கணத்தில் வந்து போகும் சரிவுகளை மீட்டர் காட்டவே காட்டாது என்பதால், உண்மையில் அதற்கும் கீழே போயிருக்கும் என்றான். சரியாக அந்த நேரத்தில் கார்டில் எழுதிக்கொண்டிருந்தால் கோப்பு சிதையாமல் என்ன செய்யும்?

அந்தக் கறுப்பு வாலைக் கத்தரித்துப் பார்த்தோம். உள்ளே தலைமுடி போன்ற சில செப்பு இழைகள், மேலுறையில் கம்பியின் தடிமனைக் குறிக்கும் 28 என்னும் கேஜ் எண். அந்த அளவுக் கம்பி ஒரு மீட்டருக்கு 0.21 ஓம் மின்தடை தரும். வால் ஒன்றரை மீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப மூன்று மீட்டர், ஆக 0.63 ஓம். ஒரு ஆம்பியர் இழுத்தாலே வழியிலேயே 0.63 வோல்ட் தொலைந்துவிடும். சுவரில் 230 இருந்தாலும் 180 இருந்தாலும் இதில் மாற்றமில்லை; இந்த வகை அடாப்டர்கள் பொதுவாக 100 முதல் 240 வோல்ட் வரை தாமே சமாளித்துக்கொள்பவை. 2,200 ரூபாய் ஸ்டெபிலைசர் மூன்று மாதமாகச் சும்மா உறுமிக்கொண்டிருந்தது. அவன் பையில் இருந்த, ராஸ்பெர்ரி பை நிறுவனமே தரும் 5.1 வோல்ட் 3 ஆம்பியர் அடாப்டரை மாட்டினோம். 5.07 வோல்ட், எல்லாம் ஓடும்போதும் 5.02. மின்னல் குறி வரவில்லை. விடிய விடிய ஓடியது.

இன்று காலை கடைக்குப் போன் செய்தேன். முதலில் எடுத்தவர் "ஓனர் இல்ல" என்றார். இரண்டாம் முறை, "அடாப்டருக்கு வாரண்டி கிடையாது சார், அங்கியே டெஸ்ட் பண்ணிதான குட்த்தோம்" என்றார்கள். டெஸ்ட் பண்ணியது வேறு அடாப்டரில்! மூன்றாம் முறை எடுக்கவில்லை. வெட்டிய வாலையும் மீட்டரையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன்; இரண்டு நீலக் குறிகள் விழுந்தன, பதில் இல்லை. கையில் இருப்பது வெறும் வெள்ளைத் துண்டுச் சீட்டு, ஜிஎஸ்டி எண்கூட அதில் இல்லை. இருந்தாலும் நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்யப் போகிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பதால் அதையும் விடுவதாக இல்லை.

வாங்கப் போகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. சிலவற்றை மட்டும் சொல்கிறேன். கடையில் ஓட்டிக் காட்டச் சொன்னால், உங்கள் பைக்குள் போகப்போகும் அடாப்டரிலேயே எல்லாவற்றையும் இணைத்து ஓட்டச் சொல்லுங்கள். அடாப்டரில் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) குறியும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ராஸ்பெர்ரி பை 5 வாங்குகிறீர்கள் என்றால் அதற்கு 5 ஆம்பியர் அடாப்டர். பழையதை அதன் தலையில் கட்ட விடாதீர்கள். பழுது என்று கொண்டுபோனால் அடாப்டரையும் சேர்த்துத்தான் கொண்டுபோக வேண்டும், "போர்டை மட்டும் கொண்டாங்க" என்றால் அந்தக் கடைக்குப் போகவே போகாதீர்கள். சரியான பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள், நான் 14,600 கொடுத்தேன்.

அக்கா மகன் இன்று மாலை ரயிலுக்குக் கிளம்புகிறான், அவனுடைய அடாப்டரும் அவனோடு போகிறது. புதியது வந்து சேரும்வரை தண்ணீர் தெளிக்க நானே ஓட வேண்டும். இப்போதும் அதற்குத்தான் எழுந்துகொள்கிறேன்.