எச்சரிக்கை: டிசி பெட்டியில் ஏசி எம்சிபி மாட்டிவிட்டு என் நான்கு மாதச் சம்பளத்தை வாங்கிக்கொண்டார்கள்

சோலார் பேனல் வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செயலியை நம்பி நான்கு மாதச் சம்பளத்தை இழந்திருக்கிறேன். சுவரில் படிந்த கரியை இன்னும் துடைக்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றே இப்போது உட்கார்ந்திருக்கிறேன். புகார் நிலுவையில் இருப்பதால் செயலியின் பெயரைச் சொல்லவில்லை. இத்தகைய வேலைக்கு ஆள் அழைக்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதை முடிவில் விரிவாகத் தருகிறேன்.

ஏற்கெனவே தொடராக இணைந்திருந்த எட்டுப் பேனல்களோடு இன்னும் இரண்டைச் சேர்த்து, பழைய டிசி பெட்டியை மாற்ற வேண்டும்; வேலை அவ்வளவுதான். பேனல் தருவது ஒரே திசையில் ஓடும் டிசி மின்சாரம்; அதை வீட்டுக்கு வேண்டிய ஏசியாக, அதாவது திசை மாறி மாறி ஓடும் மின்சாரமாக, மாற்றுவது இன்வெர்ட்டர்; இரண்டுக்கும் நடுவில் இருக்கும் பாதுகாப்புப் பெட்டிதான் டிசி பெட்டி. முதலில் பார்வையிட வந்தவர் தடித்த ரப்பர் கையுறையும் 1000 வோல்ட் வரை அளக்கும் மல்டிமீட்டரும் கொண்டுவந்தார். வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பேனல் கம்பிகளில் மீட்டரை வைத்து, 360 வோல்ட்டுக்கு மேல் காட்டுவதை என்னையே பார்க்கச் சொன்னார். "மெயினை அணைத்தாலும் வெளிச்சம் படுகிற வரைக்கும் பேனல் மின்சாரம் தந்துகொண்டேதான் இருக்கும் சார். அதை அணைக்க சுவிட்ச் கிடையாது. தெரியாதவன் கைவைத்தால் உயிர் போகும்" என்றார். இன்வெர்ட்டரின் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர்கள் அணைத்த பிறகும் சில நிமிடங்கள் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும் என்பதால் அதில் எழுதியுள்ள நேரம்வரை காத்திருந்தே திறக்க வேண்டும் என்றும், டிசிக்கு உரிய பாகங்களை மட்டுமே தாங்கள் பயன்படுத்துவதாகவும், வேலை முடிந்ததும் அளவுகளை எழுதிய அறிக்கை தருவதாகவும் சொன்னார். மின்சாரத்தைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தவறில்லை. அதனால்தான் நம்பிக்கை வந்தது. முழுத் தொகையையும் முன்பணமாகக் கட்டினால்தான் செயலி முன்பதிவை ஏற்கும் என்றபோதும், இவ்வளவு தெரிந்த மனிதர் இருக்கும் இடம் என்று எண்ணி, அந்த நான்கு மாதச் சம்பளத்தையும் ஒரே தவணையில் அனுப்பினேன்.

வேலைக்கு வந்தவர்கள் வேறு ஆட்கள், இரண்டு இளைஞர்கள். கையில் வெறும் துணிக் கையுறை; மல்டிமீட்டரும் இல்லை, கம்பியைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரும் இல்லை. நல்ல வெயிலில், இன்வெர்ட்டர் முழு வீச்சில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, அவர்களில் ஒருவர் பேனல் கம்பிகளை இணைக்கும் கனெக்டரை இழுத்துப் பிரித்தார். நீலநிறப் பொறி சீறிக்கொண்டு வந்தது. முதலில் இன்வெர்ட்டரின் ஏசி பக்கத்தை அணைத்து, பிறகு பேனலுக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே தொடர்பைத் துண்டிக்கும் சுவிட்சான டிசி ஐசொலேட்டரை அணைத்து, கம்பியில் மின்னோட்டம் பூஜ்யம் என்று கிளாம்ப் மீட்டரால் உறுதிசெய்த பின்னரே அந்தக் கனெக்டரைத் தொடலாம். நான் பதறிக் கேட்டபோது, "பழகின கை சார்" என்று சிரித்தார். அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கூரை விளிம்பில் அதிர்ச்சியில் பின்வாங்கியிருந்தால் விழுந்திருப்பவர் அவர்தான், அவருக்கு மீட்டர்கூடக் கொடுக்காமல் ஏற்றி அனுப்பியவர்கள்மேல்தான் கோபம். பார்வையிட்டவரை உடனே அழைத்துச் சொன்னேன். "அனுபவசாலிகள் சார், கவலைப்படாதீர்கள்" என்று வைத்துவிட்டார். அறிக்கை வரவே இல்லை.

சில வாரங்களில் ஒரு நண்பகலில் டிசி பெட்டி எரிந்தது. மெயினை அணைத்தும் புகை நிற்கவில்லை, ஏனென்றால் பத்துப் பேனல்களும் வெயிலில் 450 வோல்ட்டுக்கு மேல் ஊட்டிக்கொண்டே இருந்தன. உள்ளே முனை உருகி இடைவெளி பெரிதான பிறகே பொறி தானாக அறுந்தது. இருட்டிய பிறகு எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து, கம்பிகளில் வோல்ட் இல்லை என்று பார்த்துவிட்டுப் பெட்டியைக் கழற்றினார். உள்ளே இருந்தது வீட்டு விளக்குகளுக்குப் போடும் சாதாரண ஏசி எம்சிபி, அதாவது மின்னோட்டம் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். ஏசி மின்னோட்டம் நொடிக்கு 100 அல்லது 120 முறை பூஜ்யத்தைத் தொடுவதால் அதில் எழும் பொறி எளிதில் அணையும். டிசி அப்படிப் பூஜ்யத்தைத் தொடுவதே கிடையாது, அதற்கென்றே செய்த எம்சிபியால் மட்டுமே அந்தப் பொறியை அறுக்க முடியும். போதாக்குறைக்கு, வெவ்வேறு தயாரிப்பாளர்களின் கனெக்டர்களை ஒன்றோடொன்று செருகியிருந்தார்கள், கம்பி முனைகளை, அவற்றை இறுக்கிப் பொருத்துவதற்கான கிரிம்பிங் கருவி இல்லாமல் சாதாரணக் குறடால் நசுக்கியிருந்தார்கள். இன்வெர்ட்டரின் டிசி பக்கமும் போய்விட்டது.

இனிமேல்தான் அலைக்கழிப்பு. வாடிக்கையாளர் சேவையில் பேசியவர், பேனல் விற்றவரிடம் கேளுங்கள் என்றார். இன்னொருவர், படம் தெளிவாக இல்லை என்றார். தெளிவான படம் அனுப்பியதும், ஷார்ட் சர்க்யூட் ஆகியிருந்தால் எம்சிபி விழுந்திருக்கும், அது விழவில்லை, ஆகவே எங்கள் வேலையில் குறையில்லை என்று எழுதினார். படித்தபோது ரத்தம் கொதித்தது. பேனலை ஷார்ட் செய்தாலும் வழக்கமான அளவைவிடச் சற்றே கூடுதலான மின்னோட்டம்தான் ஓடும். அதனால் எம்சிபி விழாமல் இருப்பது எதற்கும் சான்றாகாது. இதை விளக்கி எழுதிய என் கடிதத்துக்குப் பதில் இல்லை. புகாரில் 'தீர்க்கப்பட்டது' என்ற குறிப்பு மட்டும் ஏறியது. பார்வையிட்டவரின் எண் இப்போது என் அழைப்பை ஏற்பதில்லை. நான்கு மாதச் சம்பளத்துக்கு ஈடாக அவர்கள் அனுப்பியது, அடுத்த முன்பதிவில் பத்துச் சதவீதத் தள்ளுபடி.

விரிவாகச் சொல்வதாகத் தொடக்கத்தில் எழுதினேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை, முக்கியமானவற்றை மட்டும் சொல்கிறேன். முழுப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள். டிசி பெட்டியை மூடும் முன் உள்ளே இருக்கும் எம்சிபியிலும் ஐசொலேட்டரிலும் டிசி வோல்ட் அளவு அச்சிடப்பட்டிருக்கிறதா என்று நீங்களே படித்து, படம் எடுத்து வையுங்கள். அந்த அளவு உங்கள் பேனல் வரிசையின் மொத்த வோல்ட்டைவிட அதிகமாக இருக்க வேண்டும், குளிரில் பேனலின் வோல்ட் இன்னும் ஏறும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பேனல் சட்டங்களுக்கு எர்த் கொடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். வருபவரிடம் டிசி அளக்கும் கிளாம்ப் மீட்டர் இல்லையென்றால் கூரையில் ஏற விடாதீர்கள். பெட்டி எரிந்தால் தண்ணீர் ஊற்றாமல் விலகி நின்று தீயணைப்புத் துறையை அழையுங்கள், பேனல்கள் இன்னும் மின்சாரம் தருகின்றன என்பதை அவர்களிடம் முதலில் சொல்லுங்கள்.

எரிந்த எம்சிபியை ஒரு பையில் போட்டு முத்திரையிட்டு வைத்திருக்கிறேன்; அதன் முகப்பில் ஏசி என்ற எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிகிறது, நுகர்வோர் புகாரோடு அதையும் கொடுக்கப் போகிறேன். இதே போன்ற செயலி வழியாக டிசி பெட்டி மாற்றியவர்கள் யாரேனும் இருந்தால், தயவுசெய்து இன்றே திறந்து பார்க்கச் சொல்லுங்கள். ஆனால் நீங்கள் திறக்காதீர்கள், தெரிந்த எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.