எக்ஸ்-பிளேன் 12: விமானி இருக்கையிலிருந்து ஒழுங்காகப் பார்க்க

கணினியில் விமானம் ஓட்டும் சிமுலேட்டரான எக்ஸ்-பிளேன் 12 பற்றிய பேச்செல்லாம் முகிலிலும் மழையிலும் போய் நின்றுவிடுகிறது. விமானி அறைக்குள் இருந்து பறப்பவருக்கு அவற்றைவிட முக்கியம் பார்வைக் கோணம், அதாவது திரையில் எவ்வளவு அகலமான காட்சி அடங்குகிறது என்பது. அது பிழைத்தால் எந்த விலை கிராஃபிக்ஸ் கார்ட் போட்டாலும் தரையிறக்கம் சரிவராது. ஆகவே இங்கே பார்ப்பது அந்தப் பகுதியை மட்டும்.

வன்னியில் இருப்பவருக்கு இந்த சிமுலேட்டரின் பெரிய வசதி, ஆசியாவுக்கான நிலக்காட்சியை ஒருமுறை இறக்கி வைத்தால் பறக்கும்போது அதை இணையத்திலிருந்து இழுக்கத் தேவையில்லை என்பது. மைக்ரோசொஃப்டின் சிமுலேட்டர் பறக்கப் பறக்க டேட்டாவை இழுக்கும். சிம் கார்ட் ரௌட்டரை நம்பி இருக்கும் வீட்டில் அது கட்டுப்படியாகாது.

முதலில் கோணம். செட்டிங்ஸ், கிராஃபிக்ஸ், மொனிட்டர் கொன்ஃபிகரேஷன் என்று போனால் 'லேட்டரல் ஃபீல்ட் ஒஃப் வியூ' (பக்கவாட்டுப் பார்வைக் கோணம்) இருக்கும். இது பாகையிலேயே கேட்கிறது. மைக்ரோசொஃப்டில் ஸூம் என்று வெறும் எண் மட்டும். அது எத்தனை பாகை என்று நாமே ஊகிக்க வேண்டும். இந்த ஒரு விஷயத்தில் எக்ஸ்-பிளேன் தெளிவாக முந்துகிறது.

திரையின் அகலத்தில் பாதியைக் கண்ணுக்கும் திரைக்கும் உள்ள தூரத்தால் வகுத்து, அதற்குரிய கோணத்தை (கல்குலேட்டரில் tan⁻¹) இரட்டித்தால் உண்மையான கோணம் வரும். 24 அங்குல மொனிட்டரின் அகலம் ஏறக்குறைய 53 செ.மீ.; 60 செ.மீ. தள்ளி இருந்தால் 48 பாகை. 15.6 அங்குல லப்டொப்பின் அகலம் 34.5 செ.மீ.; 55 செ.மீ. தூரத்தில் வெறும் 35 பாகை. அப்படியே போட்டால் ஓடுபாதை சரியான அளவில் தெரியும், ஆனால் கருவிப் பலகையில் பாதி காணாமற்போகும். லப்டொப்பில் 60, மொனிட்டரில் 60 முதல் 65 என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் இணக்கம்.

90க்கு மேல் போகிறவர்கள் பலர், எல்லாம் தெரிகிறதே என்று. அங்கேதான் கோளாறு. 60இல் தெரியும் ஓடுபாதை 90இல் ஏறக்குறைய 42 சதவீதம் சுருங்கிவிடும். தரை இன்னும் தூரத்தில் இருப்பதுபோல் தோன்றுவதால் மூக்கைத் தூக்கப் பிந்தி, விமானம் தரையில் அடித்து இறங்கும். ஓரங்களில் வட்ட மானிகள் முட்டை வடிவாக இழுபடும். கூடுதல் பரப்பை வரைய வேண்டியிருப்பதால் வினாடிக்கு வரும் படங்களின் (பிரேம்) எண்ணிக்கையும் குறையும்.

அடுத்தது கண்ணின் உயரம். அம்புக்குறிகளால் தலையை நகர்த்தலாம். செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் மட்டமாகப் பறக்கும்போது அடிவானம் மூக்கு மூடிக்கு மேலே நான்கு விரல் அளவில் நிற்கட்டும். கண்ணை அதற்கு மேலே ஏற்றிவைத்தால் மூக்கு தாழ்ந்ததுபோல் தெரியும். கை தானாக இழுக்கும், வேகம் குறையும். சுட்டெலியின் சக்கரத்தை உருட்டும்போதும் கவனம் வேண்டும்: வெறும் இடத்தில் ஸூம் ஆகும், குமிழ் ஒன்றின் மேல் இருந்தால் அந்தக் குமிழ் திரும்பும். உயரமானி சொல்லாமல் கொள்ளாமல் மாறிப்போவது பெரும்பாலும் இதனால்தான்.

சரிசெய்த பார்வையை 'குவிக் லுக்' ஆகப் பதியலாம். கண்ட்ரோலை அழுத்திக்கொண்டு நம்பர் பேட்டில் ஓர் எண்ணைத் தட்டினால் பதிவு. பிறகு எண்ணை மட்டும் தட்டினால் அங்கே போகும். நம்பர் பேட் இல்லாத லப்டொப்பில் இது வேலைசெய்யாது, பலர் இவ்விடத்தில்தான் கைவிடுகிறார்கள். கீபோர்ட் செட்டிங்ஸில் '3-டி கொக்பிட் லொகேஷன்' என்று தேடினால் போவதற்கும் பதிவதற்கும் தனித்தனிக் கட்டளைகள் வரும். வேறு விசைகளைக் கொடுத்துவிடலாம். நான்கு போதும்: நேர்ப்பார்வை, ரேடியோ, இடது யன்னல், வலது யன்னல்.

வலது யன்னல் எதற்கென்றால், வவுனியாவிலிருந்து ஏ9 வீதியைப் பிடித்து வடக்கே போனால் இரணைமடுக்குளம் வலப்பக்கம்தான் வரும். இடது இருக்கையிலிருந்து தலையை மட்டும் திருப்பினால் பக்கத்து இருக்கையும் கதவும் குளத்தை மறைக்கும். தலையை வலப்பக்கம் நகர்த்தி, சற்று உயர்த்திப் பதிந்தால் குளக்கட்டு முழுதாகத் தெரியும். தெற்கே திரும்பி வரும்போது இந்தத் தொல்லை இல்லை.

தலை திரும்பும் பக்கம் பார்வையும் திரும்ப ஓப்பன்ட்ராக் என்ற மென்பொருள் இருக்கிறது; அது இலவசம், வெப்கேம் ஒன்று போதும். இன்புட்டில் 'நியூரல்நெட் டிராக்கர்', விண்டோஸில் அவுட்புட்டுக்கு 'ஃப்ரீட்ராக் 2.0', ஃபில்டருக்கு 'அக்கேலா'. எக்ஸ்-பிளேனைத் திறக்குமுன் இதை ஓடவிடுங்கள். மேப்பிங்கில் யா (தலையை இட-வலம் திருப்புவது) வளைகோடு முதல் 5 பாகைக்குத் தட்டையாக இருந்தால் கருவி வாசிக்கையில் படம் ஆடாது; தலை 30 பாகை திரும்பும்போது பார்வை 135 பாகை போகவேண்டும். ஏன் 135? யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தின் 05 ஓடுபாதையில் இறங்க, இடப்பக்கமே திரும்பிவரும் இடச்சுற்றில் கடற்பக்கமாக எதிர்த்திசையில் போகையில், ஓடுபாதை முனை இடது தோளுக்குப் பின்னால் 45 பாகையில் வரும்போது திரும்பவேண்டும். அதைப் பார்க்க அவ்வளவு வேண்டும். ரோல் அச்சை (தலை பக்கவாட்டில் சாய்வது) நிறுத்திவிடலாம், இசட் அச்சை (தலை முன்பின் நகர்வது) நிறுத்தவேண்டாம்: செஸ்னாவின் உயர்ந்த இறக்கை திருப்பத்தில் ஓடுபாதையை மறைக்கும், முன்னே சாய்ந்தால்தான் தெரியும்.

வெளிச்சம் குறைந்தால் வெப்கேம் ஒவ்வொரு படத்துக்கும் கூடுதல் நேரம் எடுத்து 30 பிரேமிலிருந்து 15க்கு இறங்கும், பார்வை இழுபடும். முகத்துக்கு முன்னால் ஒரு எல்ஈடி பல்ப், முதுகுக்குப் பின்னால் யன்னல் இல்லாத இடம், தானியங்கி எக்ஸ்போஷர் நிறுத்தம். இந்த மூன்றும் சரியென்றால் தலையசைவுக்கென்றே விற்கும் ட்ராக்ஐஆர் கருவிக்குக் காசு செலவழிக்கத் தேவையில்லை.

குறையும் உண்டு. செட்டிங்ஸில் போடும் கோணம் எல்லா விமானத்துக்கும் ஒன்றுதான். செஸ்னாவிலிருந்து பெரிய ஜெட்டுக்கு மாறினால் திரும்பப் போய் மாற்றவேண்டும். குவிக் லுக்குகள் விமானத்தின் கோப்புறையில் 'பிரெஃப்ஸ்' என்று முடியும் கோப்பில் இருக்கின்றன. விமானத்தைப் புதுப்பித்தால் அவை போய்விடலாம். பதிந்தபின் சிமுலேட்டரை ஒழுங்காக மூடித் திறந்து, பார்வைகள் இருக்கின்றனவா என்று பார்த்து, அந்தக் கோப்பை வேறிடத்தில் பிரதி எடுத்துவையுங்கள். கரண்ட் அடிக்கடி போகும் இடமென்றால் முதல் நாளே.