ரீஸ்டோர் ஆக மறுத்த சிஸ்டம் இமேஜ்: ஒரு டைல்ஸ் பட்டறையின் அனுபவம்

விண்டோஸ் 10 கன்ட்ரோல் பேனலில் ‘பேக்கப் அண்ட் ரீஸ்டோர், விண்டோஸ் 7’ என்ற பெயரில் ஒரு வசதி இருக்கிறது. அதில் எடுத்த சிஸ்டம் இமேஜை, அதாவது விண்டோஸ், சாஃப்ட்வேர், ஃபைல் எல்லாம் சேர்ந்த முழு நகலை நம்பித்தான் எங்கள் பட்டறைக் கம்ப்யூட்டர் பல வருஷம் ஓடியது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த இமேஜிலிருந்து ஃபைல்களை மீட்டுவிடலாம். ஆனால் டிஸ்க் மாறினால், அதை வைத்துக் கம்ப்யூட்டரை அப்படியே எழுப்பிவிடலாம் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

எங்களுடையது ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறை. கண்ணாடி மேல் அச்சை வைத்து, வண்ணக் கலவையைக் கையால் ஊற்றுகிற தொழில். கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம் பக்கம் பழைய வீடுகளில் தரையை அளந்து வரைந்த டிசைன்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருக்கின்றன. சில வீடுகளை இடித்து, தூண், கதவு, நிலை என்று பிரித்து விற்றுவிட்டார்கள். அந்தத் தரை எப்படி இருந்தது என்று பார்க்க, எங்களிடம் உள்ள படங்கள்தான் மிச்சம். டேலி கணக்கு போனால் பில்லை வைத்து மறுபடி ஏற்றிக்கொள்ளலாம். இந்தப் படங்கள் போனால் போனதுதான்.

ஒரு கோடையில் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் நின்றுபோனது. வெளி டிஸ்க்கில் புது இமேஜ் இருந்ததால் பதற்றமில்லை. காரைக்குடியில் வழக்கமாகப் பார்க்கும் தம்பி, 480 ஜி.பி. எஸ்.எஸ்.டி. ஒன்றை மாட்டி, “இமேஜ் இருக்குல்லண்ணே, சாயங்காலத்துக்குள்ள ஏத்திரலாம்” என்றார். ஏறவில்லை. சிஸ்டம் டிஸ்க்கை மீட்கப் பயன்படுத்தக்கூடிய டிஸ்க் எதுவும் கிடைக்கவில்லை என்றே திரும்பத் திரும்பச் செய்தி வந்தது.

அந்தச் செய்தியிலேயே மூன்று காரணங்கள் போட்டிருக்கும்: டிஸ்க்கைத் தவறுதலாக விலக்கியிருக்கலாம், யு.எஸ்.பி. டிஸ்க்கைச் சிஸ்டம் டிஸ்க்காகக் கொடுத்திருக்கலாம், செல்லாத டிஸ்க்காக இருக்கலாம். டிஸ்க்கின் அளவு பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் எங்களுக்கு அதுதான் காரணம். பழைய டிஸ்க்கில் இருந்த பார்ட்டிஷன் அமைப்பை, அதாவது டிஸ்க்கைப் பிரித்திருந்த பகுதிகளை, அதே அளவில் அப்படியே புதியதில் போடுவதுதான் இந்த வசதியின் வழி. அதனால் புது டிஸ்க் பழையதற்குச் சமமாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும். உள்ளே 200 ஜி.பி. கூட நிரம்பியிருக்காது, அதெல்லாம் கணக்கிலேயே வராது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எஸ்.எஸ்.டி.க்கு மாறும்போது பெரும்பாலும் சின்ன அளவைத்தான் வாங்குகிறோம் என்பதால், இதை எல்லோருக்கும் சொல்லத் தோன்றுகிறது.

இந்த நிலையில் இமேஜ் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி அதை அழித்துவிடாதீர்கள். வெளி டிஸ்க்கில் ‘விண்டோஸ் இமேஜ் பேக்கப்’ என்ற ஃபோல்டர் இருக்கும். அதற்குள் நீளமான எண்ணும் எழுத்துமாகப் பெயர் கொண்ட வி.ஹெச்.டி.எக்ஸ். ஃபைல்கள் இருக்கும். அவற்றில் மிகப் பெரியதுதான் பொதுவாகச் சி டிரைவ். வேறொரு விண்டோஸ் கம்ப்யூட்டரில் டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, ‘அட்டாச் வி.ஹெச்.டி.’ கொடுத்து அந்த ஃபைலைக் காட்டினால், சாதாரண டிரைவ் போலத் திறந்துகொள்ளும். ‘ரீட் ஒன்லி’ கட்டத்தில் டிக் போட மறக்க வேண்டாம். இமேஜுக்குள் எதுவும் எழுதப்படாது. வெளி டிஸ்க்கில் அந்த ‘விண்டோஸ் இமேஜ் பேக்கப்’ ஃபோல்டரைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தால் ‘கன்டினியூ’ கொடுத்தால் போதும். டிசைன்கள் எல்லாவற்றையும் இப்படித்தான் முதலில் வெளியே எடுத்தோம். அதன் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

டேலி, டிசைன் சாஃப்ட்வேர், பிரின்டர் என்று எல்லாம் பழையபடி வேண்டும் என்பதால் முழு ரீஸ்டோரையும் விடவில்லை. 2 டி.பி. டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி மாட்டினோம். இந்த முறை வேறு செய்தி: இமேஜ் எடுத்த கம்ப்யூட்டரும் இதுவும் வேறு வேறு ஃபர்ம்வேர் முறையில், அதாவது பூட் ஆகும் முறையில், இருக்கின்றன என்றது. கம்ப்யூட்டர் அதேதான், ரீஸ்டோர் செய்ய மாட்டியிருந்த மீட்புப் பென்டிரைவ்தான் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகியிருந்தது. பூட் மெனுவில் ஒரே பென்டிரைவ் இரண்டு பெயரில் தெரியும். புது முறையான யு.இ.எஃப்.ஐ. என்று தொடங்குவதைத் தேர்ந்தெடுத்ததும் ரீஸ்டோர் ஓடி முடிந்தது. அப்புறம் சி டிரைவைச் சுருக்கி, எஸ்.எஸ்.டி.க்கு அப்படியே நகல் எடுத்து (குளோன்) மாற்றினோம். ரீஸ்டோர் ஆகும் டிஸ்க்கில் ஏற்கனவே இருப்பது அழிந்துவிடும், இரவல் டிஸ்க் என்றால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த இமேஜ் வசதியை இனி மேம்படுத்தப் போவதில்லை என்று மைக்ரோசாஃப்ட் 2017லேயே அறிவித்துவிட்டது. முழு டிஸ்க் பேக்கப்புக்கு வேறு நிறுவனங்களின் சாஃப்ட்வேரைப் பயன்படுத்தவும் அதுவே சொல்கிறது. நாங்கள் வீம் ஏஜென்ட்டின் இலவசப் பதிப்புக்கு மாறினோம். இப்போது சில வருஷமாக அதுதான் ஓடுகிறது. முதல் பேக்கப்புக்கு அப்புறம் மாறியதை மட்டும் எடுப்பதால் சீக்கிரம் முடிகிறது. தனித்தனி ஃபைலாகவும் எடுத்துக்கொள்ளலாம். ரீஸ்டோரின்போது பார்ட்டிஷன் அளவை நாமே மாற்றிக்கொள்ளலாம் என்பதுதான் எனக்கு முக்கியம். குளோன்ஸில்லாவும் நல்ல இலவசக் கருவிதான், ஆனால் பார்ட்டிஷன் சமமாகவோ பெரியதாகவோ இருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு அதிலும் உண்டு.

புதிதாக எதை நிறுவினாலும் ஒரு உபரி டிஸ்க்கை மாட்டி, முழு ரீஸ்டோர் செய்து, கம்ப்யூட்டர் எழுந்து டேலி திறக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பேக்கப் முடிந்தது என்ற பச்சை டிக் அதைச் சொல்லாது. மீட்புப் பென்டிரைவை அந்தந்தக் கம்ப்யூட்டரிலேயே உருவாக்குங்கள். இன்டெலின் 11ஆம் தலைமுறை முதல் சில லேப்டாப்புகளில், சேமிப்புக்கான டிரைவர் பென்டிரைவில் இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் டிஸ்க்கே கண்ணுக்குத் தெரியாது. மதர்போர்டு மாற்றினால் அந்தப் பென்டிரைவையும் புதிதாகப் போட வேண்டும். டிஸ்க்கைப் பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் போட்டிருந்தால் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி, கம்ப்யூட்டர் இல்லாத இடத்தில் வையுங்கள். எங்களுடையது பீரோவில் பத்திரத்தோடு இருக்கிறது.