‘7000 சீரிஸ்’ என்றதும் பணத்தை எண்ணி வைக்காதீர்கள்: லேப்டாப் வாங்குவோருக்கு எச்சரிக்கை

கல்லூரி சேர்க்கை நேரத்தில் நாகர்கோவில் கடை ஒன்றில் நடந்த விற்பனை இது. கடைப் பெயர் வேண்டாம், இந்த வித்தை ஒரு கடையோடு நிற்பதும் இல்லை. ஆர்க்கிடெக்சர் படிக்கப் போகும் பெண்ணுக்கு லேப்டாப். மேசையில் காட்டியது ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 7530யு பிராசசர் உள்ள மெஷின். பில்லில் எழுதியது ‘ரைசன் 5, 7000 சீரிஸ், 8 ஜிபி, 512 ஜிபி’ என்று மட்டும். வீட்டில் போய்ப் பெட்டியைப் பிரித்தால் உள்ளே 7520யு. திருப்பிக் கொண்டுபோன தகப்பனாருக்குக் கிடைத்த பதில்: “ரெண்டும் ரைசன் ஃபைவ்தான் அண்ணாச்சி. பத்து நம்பர்தான வித்தியாசம், அதுல ஒண்ணும் இல்ல.”

அந்தப் பத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஏஎம்டியின் 7000 வரிசை லேப்டாப் சிப்களில் முதல் இலக்கம் எந்த ஆண்டு விற்பனைக்கு என்பதைத்தான் சொல்லும். உள்ளே இருக்கும் கோர் (கணக்கு வேலையைச் செய்யும் பகுதி) எந்தத் தலைமுறை என்பதைச் சொல்வது மூன்றாவது இலக்கம். 2 என்றால் ஜென் 2, 3 என்றால் ஜென் 3, 4 என்றால் ஜென் 4. ஜென் 2 வந்தது 2019இல். ஆக 7520யு என்பது புதுச் சட்டை போட்ட 2019 கோர்: 4 கோர், 8 த்ரெட் (ஒரே நேரத்தில் ஓட்டக்கூடிய வேலைகள்), எல்3 கேஷ் (சிப்புக்குள்ளேயே உள்ள அதிவேக மெமரி) 4 எம்பி. 7530யுவில் 6 கோர், 12 த்ரெட், எல்3 16 எம்பி. இரண்டுக்கும் ஒரே விலை வாங்குவது பகல் கொள்ளை.

கிராபிக்ஸில் இன்னொரு கண்ணாமூச்சி உண்டு. 7520யுவில் இருப்பது ரேடியான் 610எம். இதன் ஆர்டிஎன்ஏ 2 கட்டமைப்பு 7530யுவில் இருக்கும் வேகா கிராபிக்ஸை விடப் புதியது என்பது உண்மை, கடைக்காரர் சத்தமாகச் சொல்வதும் அதைத்தான். ஆனால் 610எம்மில் கம்ப்யூட் யூனிட் (படம் வரையும் பகுதி) இரண்டே இரண்டு, அதாவது 128 ஷேடர் (அதற்குள் இருக்கும் சின்னக் கணக்கு அலகு). பழைய வேகாவில் ஏழு யூனிட், 448 ஷேடர். இரண்டு யூனிட்டை வைத்துக்கொண்டு கட்டமைப்பு எவ்வளவு புதியதாக இருந்து என்ன? பிரவுசர், வேர்டு, வீடியோ எல்லாம் தாராளமாக ஓடும். ரெவிட்டில் (கட்டட வடிவமைப்பு மென்பொருள்) ஒரு வீட்டு மாடலைத் திருப்பினால் திணறும். ஒப்பிட்டுச் சொன்னால் 7640எச்எஸ்ஸின் 760எம்மில் 8 யூனிட், 7840எச்எஸ்ஸின் 780எம்மில் 12, ரைசன் ஏஐ 9 எச்எக்ஸ் 370இன் 890எம்மில் 16. அங்கேயும் ‘ரைசன் ஏஐ’ என்ற பெயரில் மயங்க வேண்டாம். ஏஐ 5 340இல் இருக்கும் 840எம்முக்கு 4 யூனிட்தான்.

அதே விற்பனையில் சொன்ன இன்னும் இரண்டு பொய்கள். முதலாவது, “நாலு ஜிபி கிராபிக்ஸ் கார்டு இருக்கு.” ஆதாரமாக டாஸ்க் மேனேஜரைத் திறந்து ஜிபியு பக்கத்தில் 3.6 ஜிபி என்ற எண்ணைக் காட்டினார்கள். அது ‘ஷேர்டு ஜிபியு மெமரி’. விண்டோஸ் தன்னிடம் உள்ள ரேமில் பாதியைத் தேவைப்பட்டால் கிராபிக்ஸுக்குக் கொடுக்கலாம் என்று குறித்து வைத்திருக்கும் வரம்பு அது, தனி மெமரி இல்லை. பார்க்க வேண்டியது ‘டெடிகேட்டட்’ என்ற வரி. இன்டகிரேட்டட் கிராபிக்ஸில் (பிராசசருக்குள்ளேயே வருவது) அதுவும் பயாஸ் (மெஷினைத் தொடங்கி வைக்கும் அடிப்படை மென்பொருள்) ரேமிலிருந்து கிள்ளி வைத்ததுதான், 8 ஜிபி ரேம் 7.3 ஜிபி ‘யூசபிள்’ என்று காட்டுவது அதனால்தான். இரண்டாவது, “பிறகு ரேம் ஏத்திக்கலாம்.” 7520யு ஏற்பது எல்பிடிடிஆர்5 வகை ரேம் மட்டுமே. போர்டிலேயே பற்றவைத்து வருவது, கழற்றவும் முடியாது, சேர்க்கவும் முடியாது.

இன்டெல் பக்கம் நியாயமாக இருக்கும் என்று நினைத்தால் ஏமாறுவீர்கள். கோர் 5 120யு என்பது 2024இல் வந்த பெயர், உள்ளே ராப்டர் லேக், அதாவது 13ஆம் தலைமுறையின் மறுபதிப்பு. கோர் அல்ட்ரா 5 125யு வேறு சிப், மீட்டியர் லேக், கிராபிக்ஸுக்கு 4 எக்ஸ்இ கோர் (இன்டெலின் கிராபிக்ஸ் யூனிட்). கடைசி எழுத்து மட்டும் மாறி 125எச் என்றால் 7 எக்ஸ்இ கோர், கிராபிக்ஸுக்கு ஆர்க் என்ற பெயரும் கிடைக்கும். ‘அல்ட்ரா’ என்ற சொல் பெட்டியில் இருக்கிறதா, முடிவில் யுவா எச்சா, இரண்டையும் சேர்த்துப் படியுங்கள்.

ரேம் விஷயத்தில் நடப்பது தெரியாமலேயே நடக்கும். ஐ5-1235யு மெஷினில் ஒரே ஒரு 8 ஜிபி ரேம் இருந்தால் டிவைஸ் மேனேஜர் ‘யுஎச்டி கிராபிக்ஸ்’ என்று காட்டும். இரண்டாவது ஸ்லாட்டில் அதேபோல் ஒன்றைச் செருகினால் அதே சிப் ‘ஐரிஸ் எக்ஸ்இ’ ஆகிவிடும். காரணம், இன்டகிரேட்டட் கிராபிக்ஸுக்குத் தனி மெமரி கிடையாது. டிடிஆர்4 3200 ரேம் ஒன்று மட்டும் இருந்தால், அதாவது ஒற்றைச் சேனலில் விநாடிக்கு 25.6 ஜிபி, இரட்டைச் சேனலில் 51.2 ஜிபி. இந்தப் பாதையைத்தான் பிராசசரும் கிராபிக்ஸும் பங்கு போட்டுக்கொள்கின்றன. 125எச்சிலும் இரட்டைச் சேனலில் 16 ஜிபியாவது இல்லாவிட்டால் ஆர்க் என்ற பெயர் வராது. ‘8+8’ என்று கம்பெனி அனுப்பியதில் ஒன்றைக் கழற்றிவிட்டு விற்றால் வாங்குபவருக்குத் தெரியவே தெரியாது. டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் ‘ஸ்லாட்ஸ் யூஸ்டு’ என்ற வரியைப் பாருங்கள்.

டெஸ்க்டாப் வாங்குபவர்களுக்குச் சுருக்கமாக: ஐ5-12400எஃப், ரைசன் 5 7500எஃப் போல எஃப்பில் முடிந்தால் உள்ளே கிராபிக்ஸே இல்லை. தனிக் கார்டு இல்லாமல் மதர்போர்டு எச்டிஎம்ஐயில் மானிட்டரைச் செருகினால் கறுப்புத் திரைதான். ‘ஐ7, 16 ஜிபி’ என்று மலிவாக வரும் செட்களில் பெரும்பாலும் 2012இன் ஐ7-3770 இருக்கும். விண்டோஸ் 11க்கு அது தகுதி பெறாது, விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தது.

பணம் கொடுக்கும் முன் பெட்டியைக் கடையிலேயே பிரிக்கச் சொல்லி வீடியோ எடுங்கள். சிஸ்டம் பிராபர்ட்டீஸில் தெரியும் பிராசசர் பெயரை ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸின் உள் பதிவேடு) மாற்றிவிட முடியும், குறிப்பாகப் பழைய மெஷினில் அதை நம்ப வேண்டாம். பென் டிரைவில் சிபியு-இசட் (பிராசசர் விவரம் காட்டும் மென்பொருள்) எடுத்துப் போய் ஓட்டி, கோர் எண்ணிக்கை, எல்3 அளவு, மெமரி சேனல் மூன்றையும் பாருங்கள். பெயரை மாற்றுகிறவர்கள் எல்3ஐக் கவனிப்பதில்லை: 7530யு என்று காட்டி எல்3 8 எம்பி என்றால் அது பழைய ரைசன் 5 5500யுவாக இருக்கலாம். பில்லில் பிராசசரின் முழு எண், ரேம் எத்தனை துண்டு, சீரியல் எண் மூன்றும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்திருந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் புகார் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு போட வேண்டும். ஓணம் ஆஃபருக்காகக் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரத்தில் வாங்கியிருந்தாலும் இங்கேயே போடலாம், 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தில் வழக்குத் தொடுக்க உரிமை உண்டு.