கொழிஞ்சாம்பாறை ரெக்கார்டு கடை: ஐந்து முறை போய் வந்த பிறகு எழுதுகிறேன்

கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. ஒரு பக்கம் தேங்காய் மண்டி, இன்னொரு பக்கம் தையல் கடை, நடுவில் ஒரு சின்ன அறை, அவ்வளவுதான். கேரளா, பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் இறங்கி "ரெக்கார்டு கடை எங்கேங்க" என்று தமிழில் கேட்டாலும் மலையாளத்தில் கேட்டாலும் வழி காட்டிவிடுவார்கள். பொள்ளாச்சிப் பக்கமிருந்து செக்போஸ்ட் தாண்டி வருகிறவர்கள் தயங்க வேண்டாம், கடைக்காரர் நம்ம கொங்குத் தமிழ்தான் பேசுவார், அடுத்த நிமிஷமே வேறொருவரிடம் மலையாளத்தில் விலை சொல்லிக்கொண்டிருப்பார்.

நான் முதலில் போனது பாட்டுத் தட்டு வாங்க இல்லை. எங்கள் அப்பிச்சிக்கு, அதாவது அம்மாவின் அப்பாவுக்கு, மைக்செட் தொழில். மாரியம்மன் நோம்பி, கல்யாணம், காதுகுத்து எதுவானாலும் அவருடைய செட்தான். அவர் போன பிறகு பிளேயரும் இரண்டு பெட்டி ரெக்கார்டும் அம்மா வீட்டுப் பரண்மேல் கிடந்தன. ஒவ்வொரு தட்டின் லேபிளிலும் வெள்ளைப் பெயின்ட்டில் அவருடைய இனிஷியல் இருக்கும், ஒரே நோம்பிக்கு இரண்டு செட்காரர்கள் வந்தால் தட்டு மாறிப் போய்விடுமே என்று எழுதி வைத்தது. பிளேயரை இறக்கிப் போட்டுப் பார்த்தால் எல்லாப் பாட்டும் தூக்கத்தில் பாடுகிற மாதிரி இழுத்தது, கூடவே உருளுகிற மாதிரி ஒரு சத்தம். டவுனில் ஒருவரிடம் கொடுத்தேன், மோட்டார் போய்விட்டது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள் என்றார்.

இந்தக் கடைக்காரர் மோட்டாரைத் தொடவே இல்லை. தட்டு வைக்கிற மேடையைத் தூக்கினார், உள்ளே மோட்டார் தண்டுக்கும் மேடை விளிம்புக்கும் நடுவில் ஒரு ரப்பர் சக்கரம், அதை நகத்தால் அழுத்திக் காட்டினார், கல் மாதிரி இருந்தது. வருஷக்கணக்கில் ஓடாமல் கிடந்ததில் இறுகிப் போய், பிடிமானம் இல்லாமல் வழுக்கியிருக்கிறது. புது ரப்பர் கட்ட மூன்று வாரம் ஆகும் என்றார், ஐந்து வாரம் ஆனது. ஆனால் திரும்பக் கொடுத்த அன்று அவர் சோதித்த விதத்தைப் பார்த்ததும் அந்தக் கோபம் போய்விட்டது. ஓர் அட்டை வட்டத்தை மேடைமேல் வைத்தார், விளிம்பு முழுக்கக் கோடுகள், மொத்தம் 180. நம்முடைய கரண்ட் 50 ஹெர்ட்ஸ், சோக் வைத்த பழைய டியூப்லைட் அதில் நொடிக்கு 100 முறை கூடிக் குறையும், மேடை நிமிடத்துக்குச் சரியாக 33⅓ சுற்று, அதாவது நீண்ட நேரம் ஓடுகிற எல்.பி. தட்டுக்கு உரிய வேகத்தில், சுற்றினால், ஓடுகிற கோடுகள் அப்படியே நின்ற மாதிரி தெரியும். வேகம் குறைந்தால் பின்னால் நகரும். எல்.இ.டி. பல்பை நம்ப முடியாது என்று இதற்காகவே அந்த ஒரு டியூப்லைட்டை மாற்றாமல் வைத்திருக்கிறார். கோடுகள் மெல்லப் பின்னால் போய்க்கொண்டிருந்தன, அவர் ஏதோ ஒரு ஸ்ப்ரிங்கை இழுத்து மாட்டினார், நின்றன. நான் மூச்சுவிட மறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் ஊசி. எங்கள் பிளேயரின் ஊசிக்கு இரண்டு முனை, ஒன்று நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுகிற பழைய தட்டுக்கு, மற்றது எல்.பி.க்கு, சின்ன நெம்புகோலைத் திருப்பினால் மாறும். ஊசி ஓடுகிற பள்ளம் 78-ல் அகலம், அதற்கான முனையும் தடிப்பு. "எல்.பி.யை இந்தப் பக்கத்துல போட்டிருக்கீங்க அம்மிணி, இப்படியே ஓட்டுனா தட்டு போயிருமுங்க" என்றார். அதைத்தான் ஒரு வாரமாகச் செய்துகொண்டிருந்தேன். பழுதுக்கு 1,400 ரூபாய், ஊசிக்குத் தனியாக 350. நியாயமான காசு.

இதைவிடப் பெரிய தப்பு ஒன்றும் செய்திருந்தேன், யாரும் திரும்பச் செய்யாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அப்பிச்சியின் 78 தட்டு ஒன்றில் பூஞ்சை பிடித்திருந்தது, பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், பஞ்சு கறுப்பாக வந்தது, அழுக்கு போகிறது என்று இன்னும் தேய்த்தேன். போனது அழுக்கு இல்லை, தட்டே கரைந்து வந்திருக்கிறது. 78 தட்டுகளில் இருப்பது அரக்கு, ஸ்பிரிட்டில் கரையும். எல்.பி.தான் வினைல் பிளாஸ்டிக். அந்தத் தட்டு இனிமேல் பாடாது, அவருடைய இனிஷியல் மட்டும் மிச்சம். பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்டு வாட்டர் தொட்ட மெல்லிய துணி போதும், லேபிள் நனையாமல் துடைத்து உடனே ஈரத்தை ஒற்றிவிடுங்கள்.

சரி, விற்பனைப் பக்கம். இடது அலமாரி தமிழ், வலது அலமாரி மலையாளம். தமிழில் எச்.எம்.வி., கொலம்பியா, இன்ரெகோ, எக்கோ கம்பெனித் தட்டுகள் எல்லாம் இருக்கிறது, சினிமாக் கதை வசனத் தட்டுகள் மட்டும் ஒரு வரிசை. மலையாளத்தில் ஓணப் பாட்டுகளும், 1980-ல் யேசுதாஸ் தொடங்கிய தரங்கிணி கம்பெனியின் தட்டுகளும். எக்கோ முத்திரை போட்ட இளையராஜா தட்டு நல்ல நிலையில் கிடைத்தால் 1,500-க்குக் குறையாது, பேரம் பேசினாலும் அசைய மாட்டார். மற்றவை 200, 300-லிருந்து இருக்கிறது.

தட்டு எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க அவர் பள்ளத்தைப் பார்ப்பதற்கு முன்பு நடு ஓட்டையைப் பார்க்கிறார். மேடையின் நடுக் கம்பியில் மாட்டும்போது கை தடுமாறினால் லேபிளில் மெல்லிய கோடு விழும், ஓட்டையைச் சுற்றிச் சிலந்தி வலை மாதிரி கோடுகள் இருந்தால் அது நிறைய ஓடின தட்டு. நான் ஆசைப்பட்டு எடுத்த ஒரு பக்திப் பாடல் எல்.பி.யை இப்படிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று அவரே திரும்ப வைத்துவிட்டார். இணையத்தில் 'புதுசு மாதிரி' என்று போட்டிருந்ததை நம்பி வாங்கி, அப்பளம் மாதிரி வளைந்த தட்டு கையில் வந்து சேர்ந்த எனக்கு, விற்கிறவரே வேண்டாம் என்று சொன்னது பெரிய விஷயம்.

போனில் எல்லாம் இருக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்று வீட்டில் கேட்கிறார்கள். நானும் பஸ்ஸில் ஆப்பில்தான் கேட்கிறேன். ரெக்கார்டு சத்தம்தான் துல்லியம் என்று நான் சொல்ல மாட்டேன், சிடி அதைவிடச் சுத்தம். எல்.பி.யின் விளிம்பில் பள்ளம் ஊசிக்கு அடியில் நொடிக்கு 50 செ.மீ. வேகத்தில் ஓடும், உள்ளே போகப் போக 20 செ.மீ. பக்கம் வந்துவிடும், அதனால் கடைசிப் பாட்டில் 'ச', 'ஷ' எல்லாம் கொஞ்சம் கரகரக்கும். ஆனால் ஆப்பில் முதல் இருபது நொடி பிடிக்கவில்லை என்றால் தள்ளிவிடுகிறேன், எல்.பி.யில் ஒரு பக்கம் இருபது நிமிஷத்துக்குக் கொஞ்சம் முன்பின், எழுந்து போய் ஊசியைத் தூக்கச் சோம்பல்பட்டு உட்கார்ந்தே கேட்கிறேன், அப்படிக் கேட்டதில் நான் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த மூன்றாவது பாட்டுத்தான் இன்றைக்கு எனக்கு உயிர். தட்டின் அட்டை உறைக்குப் பின்பக்கத்தில் பாட்டு எழுதியவர் பெயரும் இருக்கும், ஆப்பில் அதைத் தேடித் தேடி அலுத்துவிட்டேன். இந்த ஆசை எனக்கு மட்டும் வந்ததில்லை. பாட்டுக் காசில் பெரும்பங்கு ஸ்ட்ரீமிங்கிலிருந்து வருகிற அமெரிக்காவிலேயே 2022-ல் சிடி 3.3 கோடிதான் விற்றது, ரெக்கார்டு 4.1 கோடி. எண்ணிக்கையில் ரெக்கார்டு முந்தியது 1987-க்குப் பிறகு அதுதான் முதல் முறை. கடையிலும் கோயம்புத்தூர், கொச்சியிலிருந்து வருகிற இளவட்டங்கள்தான் அதிகம்.

குறைகளும் சொல்லிவிடுகிறேன். சொன்ன தேதியில் வேலை முடியாது. தட்டுகளைத் துடைக்காமலே விற்கிறார். போட்டுக் காட்டச் சொன்னால் காட்டுவார், ஆனால் ரோட்டில் லாரி போகிற சத்தத்தில் கீறல் சத்தம் கேட்கவே கேட்காது, கண்ணால்தான் பார்த்து வாங்க வேண்டும். சூட்கேஸ் மாதிரி மடக்குகிற புது பிளேயர்களைப் பழுது பார்க்க எடுப்பதில்லை, ஊசி அழுத்தம் அதிகம், தட்டைத் தின்றுவிடும் என்கிறார். நல்ல செட்டில் இரண்டு கிராம் அளவுதான் இருக்கும், அதனால் அவர் சொல்வது எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

மாலை நான்கு மணிக்கு மேல் போனால்தான் ஆள் இருப்பார். துணிப்பையும் இரண்டு பக்கத்துக்கு அட்டையும் கொண்டுபோங்கள், சித்திரை வெயிலில் வண்டி டிக்கியில் மட்டும் தட்டை வைக்காதீர்கள், வீடு போய்ச் சேருவதற்குள் வளைந்துவிடும். அப்பிச்சியின் இரண்டாவது பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. வருகிற சனிக்கிழமை அதை அப்படியே கடைக்குத் தூக்கிப் போகிறேன், எது அரக்கு, எது வினைல் என்று அவர் பிரித்துக் கொடுத்த பிறகுதான் துணியைத் தொடுவேன்.