நியூசிலாந்து தென்தீவு, வசந்தகாலம், இருவர்: எந்த வண்டி, எந்தக் கணவாய், எந்தத் திசை?

கிறைஸ்ட்சர்ச்சில் வண்டியை எடுத்து, தெற்கு ஆல்ப்ஸைத் தாண்டி, மேற்குக் கடற்கரையோரம் ஓட்டி, மறுபடி மலையேறித் திரும்புவது தென்தீவில் வழக்கமான வட்டம். சுமார் 1,300 கி.மீ.; பத்து நாள் இருந்தால் அவசரமில்லாமல் முடியும். ஜனவரியில் எந்த வண்டியிலும் எந்த வழியிலும் போய் வந்துவிடலாம். செப்டம்பர் முதல் நவம்பர் வரையிலான வசந்தத்தில் அது நடக்காது. மேற்கிலிருந்து ஈரக்காற்று வலுவாக வீசும் பருவம் இது. மலையில் மோதி மேற்குப் பக்கம் மழையாகக் கொட்டும். அதே காற்று கிழக்குச் சமவெளியில் சூடாகவும் வறண்டும் சூறையாக இறங்கும். மேற்குக் கரையில் இருக்கும் ஹோக்கிடிக்காவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,900 மி.மீ. மழை, கிறைஸ்ட்சர்ச்சில் 600 மி.மீ.தான். வண்டி, வழி, இரவுத் தங்கல் எல்லாவற்றையும் இந்த வேறுபாட்டை மனதில் வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

மூன்று வண்டிகள்

வாடகைக்கு இருவர் பார்ப்பவை பெரும்பாலும் மூன்று ரகம்: டொயோட்டா ஹையேஸ் போன்ற தாழ்கூரை வேன், ஸ்பிரின்டர், கிராஃப்டர் போன்ற உயரக்கூரை வேனில் கழிப்பறை, குளியல் வைத்த இருபடுக்கை வண்டி, டுகாட்டோ அடிச்சட்டத்தில் பெட்டி கட்டிய நான்குபடுக்கை மோட்டார்ஹோம்.

ஹையேஸ் மலிவு, எரிபொருள் குறைவு, ஊருக்குள் சாதாரணக் கார் போல நிறுத்தலாம். ஆனால் 2023ஆம் ஆண்டுச் சட்டம் இதன் பழைய கவர்ச்சியைக் குறைத்துவிட்டது. 'தன்னிறைவு' வண்டி (நீரையும் கழிவையும் தன்னுள்ளேயே வைத்துக்கொள்ளும் வண்டி) என்ற பச்சைச் சான்று வேண்டுமானால் கழிப்பறை வண்டியோடு பொருத்தப்பட்டிருக்க வேண்டும், படுக்கை விரித்த நிலையிலும் பயன்படுத்த முடிய வேண்டும். கட்டிலுக்கடியில் தள்ளி வைக்கும் பெட்டிக் கழிப்பறை போதாது. சான்று இல்லாத வண்டியைத் தன்னிறைவு வண்டிகளுக்கான இலவச இடத்தில் நிறுத்தினால் அபராதம் நூற்றுக்கணக்கான டாலர். முன்பதிவுக்கு முன் 'டாய்லெட் உண்டா' என்று கேட்பதில் பயனில்லை; 'பச்சைச் சான்று இருக்கிறதா' என்று கேளுங்கள்.

இன்னொரு குறை ஈரம். வெளியே 3 டிகிரி, உள்ளே இருவர் மூச்சு, நனைந்த ஜாக்கெட் இரண்டு. காலையில் கண்ணாடியிலிருந்து சொட்டி மெத்தை ஓரம் நனைந்திருக்கும். மேல்கூரைத் திறப்பை இரண்டு விரல் அளவு இரவு முழுவதும் திறந்து வைத்தால் பாதி குறையும். குளிருக்காக கேஸ் அடுப்பை எரியவிட்டுத் தூங்குவது மட்டும் கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

நான்குபடுக்கை வண்டியை இருவர் எடுப்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஒரு கட்டில் எப்போதும் விரித்தபடியே இருக்கும், மேஜையும் கலையாது. இரண்டு நாள் அடைமழையில் உள்ளேயே உட்கார நேர்ந்தால் இந்த வசதியின் அருமை தெரியும். ஆனால் உயரம் 3.2 மீட்டரை எட்டும். சூறைக்காற்றில் ஸ்டீயரிங்கை விடாமல் திருத்திக்கொண்டே ஓட்ட வேண்டும். மொத்த எடை 3,500 கிலோவுக்கு மேல் பதிவான வண்டி என்றால் வேக வரம்பு 100 அல்ல, 90 கி.மீ. (உரிமம் சிக்கலில்லை: 6,000 கிலோ வரை கார் உரிமமே போதும், ஆங்கிலத்தில் இருக்கும் இந்திய உரிமம் செல்லும். இடப்பக்க ஓட்டம் என்பதால் நமக்குக் கை தடுமாறாது.)

எங்கள் தேர்வு நடுவில் இருக்கும் உயரக்கூரை இருபடுக்கை வண்டி. அதிலும் கவனிக்க வேண்டியது குளியலறையை அல்ல. ஒரு ஆள் நிற்கும் பெட்டியில் குளித்துவிட்டு அந்தப் பெட்டியையே துடைத்துக் காயவைப்பதை மூன்றாம் நாளில் யாரும் விட்டுவிடுவார்கள். கழிப்பறையும் டீசல் ஹீட்டரும்தான் காசுக்கு மதிப்பு. பல வண்டிகளில் ஹீட்டர், வண்டியின் டீசல் தொட்டியிலிருந்தே உறிஞ்சும். குழாய் அடிவரை போகாததால் தொட்டி கால்பாகத்துக்குக் கீழே போனால் ஹீட்டர் நின்றுவிடும். பழுது என்று நள்ளிரவில் கம்பெனிக்குப் போன் செய்பவர்கள் முதலில் டீசல் முள்ளைப் பார்க்கலாம்.

டீசலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. நியூசிலாந்தில் டீசல் விலையில் சாலை வரி அடங்காது, 3.5 டன் வரையிலான வண்டிக்கு 1,000 கி.மீ.க்கு 76 டாலர் தனியே கட்ட வேண்டும். வாடகை ஒப்பந்தத்தில் இது கி.மீ. கணக்கில் கடைசியில் சேரும். பம்ப் விலையை மட்டும் பார்த்து டீசல் மலிவு என்று முடிவுகட்டினால் ஏமாற்றம்தான்.

மூன்று கணவாய்கள்

ஆர்தர்ஸ் கணவாய் (920 மீட்டர்) குறுக்குவழி: கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து கிரேமவுத்துக்குச் சுமார் 240 கி.மீ. பெயர் ஆர்தருக்குப் போனாலும் அந்தச் சாலையின் உச்சி அதற்கு முன்னால் வரும் போர்ட்டர்ஸ் கணவாய், 939 மீட்டர். மேற்கே ஒட்டிரா பள்ளத்தாக்கின் இறக்கம் செங்குத்து. 1999இல் திறந்த 440 மீட்டர் மேம்பாலம் பழைய வளைவுகளை ஒழித்தது, சரிவை ஒழிக்கவில்லை. ஆட்டோமேட்டிக் வண்டியானாலும் கையால் இரண்டாம் கியருக்கு மாற்றி இறங்க வேண்டும். பிரேக்கை மிதித்தபடியே வந்தால் அடிவாரத்தில் கருகிய வாடை அடிக்கும். உச்சியில் நிறுத்தினால் கியா கிளிகள் வரும். அழகாகத் தலை சாய்த்துப் பார்க்கும், பார்த்துக்கொண்டே வைப்பர் ரப்பரைக் கிழிக்கும். தீனி போடாதீர்கள், வண்டியை விட்டு நகராதீர்கள்.

லூயிஸ் கணவாய் (864 மீட்டர்) சுற்றுவழி. வெஸ்ட்போர்ட்டுக்குச் சுமார் 330 கி.மீ. காட்சியில் ஆர்தருக்கு ஒரு மாற்றுக் குறைவு, ஆனால் ஏற்ற இறக்கம் சீரானது. பெரிய வண்டிக்கும், மலைச்சாலையில் முதல்முறை ஓட்டுபவருக்கும் இதுவே சரி.

ஹாஸ்ட் மூன்றிலும் தாழ்வு, 562 மீட்டர். பனி அபூர்வம், மண்சரிவுதான் பயம். 2013 செப்டம்பரில் டயானா அருவி அருகே விழுந்த சரிவால் ஓராண்டுக்கும் மேல் இரவு நேரத்தில் சாலை மூடியிருந்தது. கனமழை எச்சரிக்கை இருந்தால் கணவாய்க்கு முன்னால் வரும் வனாக்கா ஊரிலேயே ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது புத்திசாலித்தனம். ஹாஸ்ட் ஊருக்கும் ஃபாக்ஸ் பனியாற்றுக்கும் நடுவே 120 கி.மீ. தூரத்துக்கு பங்க் கிடையாது என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

தென்மேற்கு மூலையில் இருக்கும் மில்ஃபோர்ட் சவுண்ட் இந்த வட்டத்தில் சேராது. மே முதல் நவம்பர் வரை அந்தச் சாலையில் டயர்ச் சங்கிலி வண்டியில் இருந்தாக வேண்டும், ஹோமர் சுரங்கத்தைச் சுற்றிப் பனிச்சரிவு ஆபத்து. அதற்கு முன்னால் வரும் ஊரான டெ அனாவில் வண்டியை நிறுத்திவிட்டு பஸ்ஸில் போங்கள்.

கடிகாரத் திசையா, எதிர்த் திசையா?

பலரும் யோசிக்காத கேள்வி இது. இடப்பக்கம் ஓட்டும் நாட்டில் ஹாஸ்டிலிருந்து வடக்கே போனால் கடல் உங்கள் பக்கம். ஷிப் கிரீக், நைட்ஸ் பாயின்ட், புரூஸ் பே என்று எங்கே மனம் போனாலும் இண்டிகேட்டர் போட்டு அப்படியே ஒதுங்கலாம். தெற்கே வந்தால் ஒவ்வொரு முறையும் எதிர்வரும் வண்டிகளைக் குறுக்கே வெட்ட வேண்டும்; ஏழு மீட்டர் வண்டியில் இது சிறிய விஷயமில்லை. ஆக டெக்காப்போ, வனாக்கா, ஹாஸ்ட், கிரேமவுத், புனகைக்கி, வெஸ்ட்போர்ட், லூயிஸ் என்று கடிகாரத் திசை. புனகைக்கிக்கு மட்டும் கடலேற்ற நேரத்தைப் பார்த்துப் போங்கள். நீர் வற்றியிருந்தால் அங்குள்ள பாறைத் துளைகளிலிருந்து கடல்நீர் பீறிடாது.

செப்டம்பரில் இதைத் திருப்பிப் போடலாம். டெக்காப்போவுக்கும் வனாக்காவுக்கும் நடுவே 971 மீட்டர் லிண்டிஸ் கணவாய் இருக்கிறது. காலை நேரம் நிழல் வளைவுகளில் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலம் படிந்திருக்கும். பயணத்தின் முதல் நாட்களில், வண்டி கைக்குப் பழகும் முன்பே அதைச் சந்திக்க வேண்டாம். அக்டோபர் பாதிக்குப் பிறகு யோசிக்காமல் கடிகாரத் திசை. எந்த மாதமானாலும் குயின்ஸ்டவுனுக்கு 1,076 மீட்டர் கிரௌன் ரேஞ்சை விட்டு குரோம்வெல் வழி.

மேற்குக் கரையில் ஒருவழிப் பாலங்கள் அடுத்தடுத்து வரும். வட்டப் பலகையில் உங்கள் திசை அம்பு சிறியதாகச் சிவப்பில் இருந்தால் நிற்க வேண்டியது நீங்கள். நீலப் பலகையில் பெரிய வெள்ளை அம்பு என்றால் முன்னுரிமை உங்களுக்கு. இருந்தாலும் எதிரே யாராவது ஏறிவிட்டார்களா என்று பார்த்து ஏறுங்கள்.

காற்று நாளில் நிறுத்தும்போது வண்டியின் முகம் காற்றைப் பார்த்திருக்கட்டும். முதுகைக் காட்டி நிறுத்திக் கதவைத் திறந்தால் காற்று அதைப் பிடுங்கிக் கீலை வளைத்துவிடும்.

இரவுகள்

ஹாலிடே பார்க்கில் மின்சாரம், வெந்நீர், துணி துவைக்கும் இயந்திரம். இயற்கைப் பாதுகாப்புத் துறையின் முகாம்களில் பெரும்பாலும் மின்சாரம் இல்லை. ஆனால் ஏரிக்கரை லேக் பாரிங்கா, மலையடி வைட் ஹார்ஸ் ஹில் போன்ற இடங்களின் அழகுக்கு ஈடே இல்லை. இரண்டு இரவு முகாம், மூன்றாம் இரவு பார்க் என்பது வண்டியே கேட்கும் தாளம். ஒரே இடத்தில் ஓட்டாமல் நின்றால் உள்பேட்டரி இரண்டாம் நாள் சோர்ந்துவிடும். அரைமணி ஓட்டம் அதை நிரப்பாது, இரண்டு மூன்று மணி நேரமாவது வேண்டும். மின்சார கெட்டிலும் மைக்ரோவேவும் பார்க் இணைப்பில்தான் ஓடும் என்பதால் இட்லி மாவோடு மிக்ஸியையும் நம்பி வர வேண்டாம். பொடி, ஊறுகாய் கொண்டுவந்தால் விமான நிலையப் படிவத்தில் எழுதுங்கள். மறைத்தால் அங்கேயே 400 டாலர் அபராதம். பச்சைக் கறிவேப்பிலையை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

கழிப்பறைக் கேசட் (கழிவு சேரும், வெளியே இழுக்கக்கூடிய பெட்டி) இருவருக்கு இரண்டு மூன்று நாளில் நிரம்பும். தகட்டை மூடிய பிறகே வெளிப்புறக் கதவு வழியாக இழுக்க வேண்டும். கழிவு நிலையத்தில் வாய்க்குழாயை வெளிப்பக்கம் திருப்பி, காற்றுப் பொத்தானைக் கட்டைவிரலால் அழுத்தியபடி சாய்த்தால் ஒரே சீராக வழியும். பொத்தானை மறந்தால் குபுக் குபுக்கென்று காலில் தெறிக்கும். இரண்டு முறை அலசி, கொஞ்சம் நீரும் ரசாயனமும் விட்டுத் திரும்ப மாட்டுங்கள். பக்கத்தில் இருக்கும் அலசும் குழாயில் குடிநீர் பிடிக்கக் கூடாது. குடிநீர்க் குழாய் தனியே இருக்கும். அங்கே வண்டித் தொட்டியில் நீர் விடும்போது மூடியில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத் திறக்கவும்: டீசல் தொட்டியில் தண்ணீர் ஊற்றுவது வாடகை மோட்டார்ஹோம்களில் பழைய விபத்து, அதற்கு இன்சூரன்ஸ் பொதுவாகக் கிடைக்காது.