கூடுதல் படங்களைப் பழம்புத்தகத்துக்குள் தைப்பதா, பெட்டியில் வைப்பதா?

1769இல் ஜேம்ஸ் கிரேஞ்சர் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், அச்சில் கிடைத்த உருவப்படங்களை அடிப்படையாகக் கொண்டு இங்கிலாந்துப் பெருமக்களின் வரலாற்றை வெளியிட்டார். அதை வாங்கியவர்கள் பிற நூல்களிலிருந்து படங்களை வெட்டியெடுத்து அதற்குள் சேர்த்துக் கட்டினார்கள். அவ்வழக்கமே பின்னாளில் அவர் பெயரால் வழங்கலாயிற்று. கலிஃபோர்னியாவின் ஹன்டிங்டன் நூலகத்தில் உள்ள, இப்படிப் படங்கள் சேர்த்துக் கட்டிய கிட்டோ விவிலியம் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களுடன் 60 தொகுதிகளாகப் பெருத்திருக்கிறது. அதற்காக எத்தனை நூல்கள் மெலிந்தனவோ!

உப்புக்காற்று வீசும் இராமநாதபுரக் கரையில் இது வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. ஆங்கிலேய அதிகாரி நெல்சன் எழுதி 1868இல் வெளிவந்த மதுரை மாவட்டக் கையேட்டின் ஒரு படி என்னிடம் உள்ளது. முன்பு வைத்திருந்தவர் தொண்டி முதல் பாம்பன் வரையிலான வரைபடம் ஒன்றை மைதாப் பசையால் உள்ளே ஒட்டியிருந்தார். விரிக்கும்போதெல்லாம் முதுகுத் தையல் நெகிழ்கிறது. எதிர்ப்பக்கத்தில் வரைபடத்தின் பழுப்பு நிழல் படிந்திருக்கிறது. பசையைத் தேடி வந்த இராமபாணப் பூச்சி வரைபடத்தின் பாம்பனைப் பாதி அரித்துவிட்டது. பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பது பூச்சிக்குத் தடைதான்; ஈரக்காற்றில் தாள் நெளிவதற்கு அது மருந்தன்று.

தனிப் பெட்டியில், பருத்தித் துணியில் வசம்புப் பொட்டலத்துடன் படங்களை வைத்தால் நூலும் படமும் பிழைக்கும். ஆனால், எந்தப் பக்கத்துக்கு எந்தப் படம் என்பதை உறைமேல் பென்சிலால் குறிக்காவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அது வெறும் காகிதக் கட்டு.

என் தேர்வு மூன்றாவது வழி: அசலைத் தொடாமல், மறுபதிப்பில் படங்களின் நகல்களைச் சேர்ப்பது. முதுகில் விரலகலக் காகிதக் கீற்றுகளைச் சேர்த்துத் தைத்து, படத்தின் ஓரத்தை மட்டும் அவற்றில் ஒட்டினால் நூல் வாய் பிளக்காது. நெல்சன் எழுதியபோது பாம்பனுக்கு ரயில் இல்லை. 1914இல் திறந்த பாலத்தின் படத்தையும், தனுஷ்கோடி வரை தண்டவாளம் காட்டும் பழைய வரைபடத்தையும், 1964 புயலுக்குப் பிந்தைய கரையையும் அடுத்தடுத்து வைக்கும் சுதந்திரம் அசலில் கிடைக்காது. அசலின் மணமும் தாளின் கனமும் மறுபதிப்பில் இல்லை என்ற குறை உண்மைதான்.

ஏற்கெனவே எவரோ ஒட்டிவைத்த பழைய படியை மட்டும் பிரிக்கக் கூடாது. அந்தச் சேர்க்கையும் இப்போது நூலின் வரலாறு. என் வரைபடத்துக்கும் எதிர்ப்பக்கத்துக்கும் இடையே அமிலமற்ற மெல்லிய தாள் ஒன்றைச் செருகியதோடு நிறுத்திக்கொண்டேன்.